கலவரத்துக்குள் ஒளிந்த கொலை: ஒரு மர்மக்கதை வகைக்கு எளிய அறிமுகம்

துப்பறியும் கதை படிப்பவர்களுக்கு அதன் வழக்கமான தொடக்கம் அத்துப்படி. பூட்டிய அறை, ஒரு பிணம், ஏழெட்டுப் பேர்மேல் சந்தேகம். ஊர் அமைதியாக இருப்பதால் அந்த ஒரு சாவு எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது. அதிகாரி வருகிறார், கேள்வி கேட்கிறார், கடைசியில் ஒருவரைக் கைகாட்டுகிறார்.

சரி, அதே பிணத்தை ஊரே பற்றி எரியும் ஓர் இரவில், தெருவில் கிடக்கும் இருபது பிணங்களுக்கு நடுவே போட்டால் என்ன ஆகும்? யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொலைகாரனுக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. நகர எழுச்சியின் நடுவே நடக்கும் வரலாற்று மர்மக்கதை என்பது இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்த வகைதான்.

சாதாரண மர்மக்கதையில் முதல் கேள்வி ‘யார் கொன்றது?’ என்பது. இந்த வகையில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது: ‘இது கொலைதானா, இல்லை கலவரச் சாவா?’ கூட்டம் மிதித்ததா, ராணுவம் சுட்டதா, தீயில் வெந்ததா, அல்லது இவனைத் தெரிந்த யாரோ ஒருவர் சந்தர்ப்பம் பார்த்துச் செய்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கதாசிரியருக்கும் வாசகருக்கும் அந்தக் கலவரம் எப்படி நடந்தது என்று நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். பின்னணியில் நான்கு தீவட்டிகளும் ‘ஹோ’ என்ற சத்தமும் மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது.

ஒரு நிஜமான கலவரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். லண்டனில் 1780 ஜூன் மாதம் நடந்த கார்டன் கலவரம் இதற்கு ரொம்பப் பொருத்தமானது.

கத்தோலிக்கர்கள்மேல் இருந்த சில சட்டத் தடைகளை 1778இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தளர்த்தியது. அதை எதிர்த்து லார்டு ஜார்ஜ் கார்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு மனு தயாரித்தார். 1780 ஜூன் 2, வெள்ளிக்கிழமை. செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில் பெரும் கூட்டம் கூடியது. தொப்பியில் நீல ரிப்பன் குத்திக்கொண்டு நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தது. அன்று இரவே வெளிநாட்டுத் தூதர்களின் கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் தாக்கப்பட்டன. ஜூன் 6 அன்று நியூகேட் சிறை எரிந்தது, கைதிகள் வெளியே வந்தார்கள். மறுநாள் ஹோல்போர்னில் லாங்டேல் என்ற கத்தோலிக்கருக்குச் சொந்தமான சாராய வடிசாலை கொளுத்தப்பட்டது. வழிந்தோடிய சாராயத்தைக் குடித்தவர்கள் பலர் அங்கேயே வெந்து செத்தார்கள். அதே இரவில் இங்கிலாந்து வங்கியையும் கூட்டம் தாக்கியது. துருப்புகள் சுட்டு விரட்டின. ராணுவம் சுட்டதிலும், பிறகு மருத்துவமனையிலுமாக இறந்தவர்கள் 285 பேர் என்பது அரசுக் கணக்கு. தீயில் கரைந்தவர்களும், சொந்தக்காரர்கள் சத்தமில்லாமல் தூக்கிப்போய்ப் புதைத்தவர்களும் அந்தக் கணக்கில் வர வழியில்லை.

கொலையை ஒளிக்க இப்படி ஒரு வாரம் கிடைத்தால் போதாதா?

ஆனால் இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. வரலாற்றாசிரியர்கள் அந்த வாரத்தைப் பிரித்துப் பார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு வெறியாடிய கூட்டமாக அது தெரியவில்லை. எந்தெந்த வீடுகள் தாக்கப்பட்டன என்று ஜார்ஜ் ரூடே ஆராய்ந்தார். ஏழைக் கத்தோலிக்கர்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்களைவிட, வசதியான கத்தோலிக்கர்களின் வீடுகளும் அவர்களுக்கு ஆதரவானவர்களின் வீடுகளும்தான் அதிகம் அடிபட்டிருந்தன. கூட்டம் வீட்டுக்குள் புகுந்து மேசை நாற்காலி, திரைச்சீலை, புத்தகம் எல்லாவற்றையும் வெளியே இழுத்துவந்து தெருவில் குவித்துக் கொளுத்தியது. தலைமை நீதிபதி லார்டு மான்ஸ்பீல்டின் வீட்டு நூலகம் அப்படித்தான் சாம்பலானது. அவரும் மனைவியும் பின்வழியாகத் தப்பித்தார்கள். அந்த வாரம் செத்தவர்களில் பெரும்பாலோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், அதுவும் துருப்புகளின் குண்டுக்குப் பலியானவர்கள். கூட்டம் குறிவைத்து ஆளைக் கொன்றதாகப் பதிவானவை மிக மிகக் குறைவு.

அதாவது, கலவரத்துக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. எந்த வீட்டைத் தொடும், எதைத் தொடாது, எப்படிக் கொளுத்தும், யாரை விட்டுவிடும் என்று அதற்கென்று ஒரு போக்கு உண்டு. கொலைகாரன் அந்தப் போக்கைப் போலி செய்யப் பார்ப்பான். எங்கேயோ ஒரு இடத்தில் தப்புவிடுவான். அந்தத் தப்புதான் துப்பு. இந்த வகைக் கதையின் உயிர்நாடி இது என்பது என் கருத்து. கலவரத்தை வெறும் குழப்பமாகக் காட்டும் கதைகளில் மர்மம் நிற்காமல் சரிந்துபோவதற்கும் இதுதான் காரணம்.

ஒரு கற்பனை உதாரணம் கட்டிப் பார்ப்போம்.

ஜூன் 8, வியாழன் காலை. ஹோல்போர்ன் பக்கம் ஒரு சந்து. பாதி எரிந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அந்த வீட்டுக்காரரான அடகுக்கடைக்காரர் கிடக்கிறார். பக்கத்தில் கிடக்கும் அவர் தொப்பியில் நீல ரிப்பன். வாசல் கதவில் சாக்கட்டியில் ‘போப் மதம் ஒழிக’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி வடிசாலை இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: கூட்டம் வந்தது, கொளுத்தியது, இவர் மாட்டிக்கொண்டார், பாவம்.

இப்போது அந்த வாரத்தின் நடைமுறை தெரிந்த ஒருவர் உள்ளே வருகிறார். அடகுக்கடைக்காரர் புராட்டஸ்டண்ட்; கத்தோலிக்கர்களுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசியவரும் இல்லை. பிறகு ஏன் இந்த வீடு? கூட்டம் வந்திருந்தால் சாமான்கள் தெருவில் சாம்பலாகக் கிடக்க வேண்டும். இங்கே எல்லாம் உள்ளேயே எரிந்திருக்கிறது. தொப்பியில் நீல ரிப்பன் இருப்பவர் வீட்டில் நீல ரிப்பன்காரர்கள் ஏன் தீ வைக்க வேண்டும்? அப்புறம் அந்த எழுத்து. கதவு கருகியிருக்கிறது, ஆனால் சாக்கட்டி எழுத்து வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறது. விரலால் தடவினால் சாக்கட்டித் தூள் கையில் ஒட்டுகிறது. அதன் கீழே கரி. எழுதிவிட்டுக் கொளுத்தியிருந்தால் கரி மேலே இருந்திருக்கும். ஆக, தீ அணைந்த பிறகு யாரோ வந்து எழுதியிருக்கிறார்கள். கடைசியாக, அடகுப் பேரேட்டைக் காணோம்.

கொலைகாரன் பெயர் எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் அவன் அந்தப் பேரேட்டில் இருப்பவன், கலவரத்தைக் காதால் கேட்டவன், கிட்டப்போய்ப் பார்க்காதவன் என்பது வரைக்கும் வந்துவிட்டோம். ஐந்து துப்புகளில் நான்கு அந்தக் கலவரத்துக்கு மட்டுமே பொருந்துபவை. வேறு ஊர்க் கலவரத்தில் இவை செல்லாது. வரலாறு கதைக்குள் வேலை செய்கிறது என்றால் இப்படித்தான்.

உள்ளே வந்த அந்த ஒருவர் யார் என்பது அடுத்த சிக்கல். 1780இல் லண்டனில் இன்று நாம் நினைக்கும் அர்த்தத்தில் போலீஸ் கிடையாது. பெருநகரக் காவல்துறை 1829இல்தான் வந்தது. இரவுக் காவலாளிகள் இருந்தார்கள், பேட்டைக்குப் பேட்டை கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். மாஜிஸ்திரேட் ஹென்றி பீல்டிங் 1749இல் தொடங்கிவைத்த, திருடர்களைத் தேடிப் பிடிக்கும் ‘போ தெரு ஆட்கள்’ என்ற சின்னக் குழுவும் இருந்தது. அவருடைய தம்பி ஜான் பீல்டிங் கண் தெரியாத மாஜிஸ்திரேட். குரலை வைத்தே திருடர்களை அடையாளம் கண்டுபிடிப்பார் என்று பேர் வாங்கியவர். கலவரக்காரர்கள் அவருடைய போ தெரு அலுவலகத்தையும் விட்டுவைக்கவில்லை. போ தெரு வீடு சூறையாடப்பட்டு, அங்கிருந்த காகிதங்கள் தெருவில் எரிந்தன. யோசித்துப் பாருங்கள்: ஊரின் குற்றப் பதிவேடுகளே சாம்பலாகிவிட்டன. அதற்காகவே அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ள எத்தனை பேருக்குக் காரணம் இருந்திருக்கும்!

சாவை விசாரிக்க கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரியும் அவருடைய ஜூரியும் உண்டு. ஆனால் கொலை வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் செத்தவரின் குடும்பம்தான். அரசு தானாக வந்து வழக்கு நடத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. குடும்பமே கொன்றிருந்தால்? வழக்கே இல்லை. கதாசிரியருக்கு இது ஒரு பரிசு.

மாஜிஸ்திரேட்டுகள் ஏன் ஆரம்பத்திலேயே கூட்டத்தைக் கலைக்கவில்லை என்று படிக்கும்போது தோன்றும். கலவரச் சட்டத்தின்படி ஒரு மாஜிஸ்திரேட் அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் கலையாதவர்கள் பெருங்குற்றவாளிகள். ஆனால் 1768இல் அதே செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்ட கில்லம் என்ற மாஜிஸ்திரேட்மேல் கொலைக் குற்றம் சாட்டி விசாரித்தார்கள். விடுதலை ஆகிவிட்டார்தான். இருந்தாலும் மற்றவர்களுக்கு அந்தப் பயம் போகவில்லை. ஜூன் 7 அன்று, மாஜிஸ்திரேட் உத்தரவுக்குக் காத்திருக்காமலே துருப்புகள் சுடலாம் என்று ஆணை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. கதையில் அந்தத் தேதிக்கு முன்னால் ஒருவர் ‘ராணுவம் சுட்டுச் செத்தார்’ என்று சொன்னால் கொஞ்சம் புருவத்தை உயர்த்தலாம். 7ஆம் தேதி இரவுக்குப் பிறகு என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாவு நடந்த நாளை ஒருநாள் தள்ளிக் காட்டினாலே கொலைகாரன் தப்பிக்கலாம்.

துப்பறிபவர் போலீஸ்காரர் இல்லை என்றால் வேறு யார்? மருந்துக் கடைக்காரர், வக்கீலின் குமாஸ்தா, பத்திரிகை அச்சுக்கோர்ப்பவர் என்று பலரை நிறுத்தலாம். என்னைக் கேட்டால், தீ இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆளைவிடப் பொருத்தமானவர் இல்லை. அந்தக் காலத்து லண்டனில் தீ இன்சூரன்ஸ் நன்றாக வேரூன்றியிருந்தது. காப்பீடு செய்த வீட்டு முகப்பில் கம்பெனியின் உலோக முத்திரை பதித்திருப்பார்கள். வடிசாலைக்காரர் லாங்டேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ‘உள்நாட்டுக் கலகத்தால்’ வரும் தீக்குப் பணம் இல்லை என்று பாலிசியில் ஒரு விதி இருந்தது. வழக்கை விசாரித்தவர் வேறு யாருமில்லை, வீட்டைப் பறிகொடுத்த அதே மான்ஸ்பீல்ட். நடந்தது உள்நாட்டுக் கலகம்தான் என்று முடிவாகி லாங்டேல் தோற்றார். மறுபக்கம், கலவரக்காரர்கள் வீட்டை இடித்தால் அந்த வட்டாரத்து மக்களிடம் வசூலித்து ஈடு கொடுக்க வேண்டும் என்று கலவரச் சட்டம் சொன்னது.

நம் அடகுக்கடைக்காரர் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தீ வைத்தது கூட்டமா, தனி ஆளா என்பதைப் பொறுத்துப் பணம் கொடுப்பவர் மாறுகிறார். ஒரு சாவின் உண்மையைத் தெரிந்துகொள்ள காசு காரணமாகவே அக்கறை கொண்ட ஒருவர் கிடைத்துவிட்டார். நீதி வேட்கை, இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு என்றெல்லாம் புனையத் தேவையே இல்லை.

துப்பறிபவர் கையில் என்ன கருவி இருக்கிறது என்பதில்தான் புதிதாக எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். கைரேகையை வைத்துக் கொலையாளியைப் பிடித்த முதல் வழக்கு 1892இல் அர்ஜென்டினாவில் நடந்தது. ஆர்செனிக் விஷத்தை நம்பகமாகக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836இல் வந்தது. ரத்தம் மனிதனுடையதா மிருகத்தினுடையதா என்று பிரித்தறிய 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1780 கதையில் இவை எதுவும் கூடாது. வேடிக்கை என்னவென்றால், உயிரோடு எரிந்தவர் வாயிலும் மூக்கிலும் சாம்பல் இருக்கும், செத்த பிறகு எரிக்கப்பட்டவரிடம் இருக்காது என்று ஒரு சீன நீதிபதி 1247ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தார். லண்டன் ஜூரிக்கு அந்த நூல் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் கிழக்கே போய்வந்த ஒரு கப்பல் மருத்துவரைக் கதையில் நுழைத்தால்... சரி, அது எழுதுபவர் பாடு.

இந்தக் கலவரத்தையும் ஒரு கொலை மர்மத்தையும் ஒரே கதையில் சேர்த்த பிரபல முன்னோடி உண்டு. 1841இல் சார்லஸ் டிக்கன்ஸ் தொடராக எழுதிய ‘பார்னபி ரட்ஜ்’. ஆரம்ப அத்தியாயங்கள் வந்தபோதே எட்கர் ஆலன் போ ஒரு மதிப்புரை எழுதி, கொலையாளி யார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்! ஆனால் அதில் கொலை நடப்பது கலவரத்துக்கு வெகுகாலம் முன்பு. இரண்டும் தனித்தனி இழையாகவே ஓடுகின்றன. நாம் இங்கே பேசும் வகை அந்த இரண்டு இழையையும் ஒரே இரவில் முறுக்கிவிடுவது.

இதெல்லாம் கற்பனைக்குச் சரி, நிஜத்தில் நடக்குமா? நடந்திருக்கிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுச்சி தொடங்கியது. முதல் நாளே காவலர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட, ஆயுதமில்லாத நகரப் போலீஸைத் தெருக்களிலிருந்து திரும்பப் பெற்றார்கள். கடைகளில் கொள்ளை. ராணுவச் சட்டம்.

பிரான்சிஸ் ஷீஹி-ஸ்கெபிங்டன் என்ற பத்திரிகையாளர் அகிம்சைவாதி. எந்தத் தரப்பிலும் ஆயுதம் எடுக்காதவர். கொள்ளையைத் தடுக்கப் பொதுமக்களைத் திரட்டலாம் என்று ஒரு கூட்டம் போட்டார். யாரும் பெரிதாக வரவில்லை. 25ஆம் தேதி மாலை வீட்டுக்கு நடந்துபோனவரை போர்ட்டோபெல்லோ பாலத்தில் ராணுவம் பிடித்தது. பவன்-கோல்தர்ஸ்ட் என்ற கேப்டன் அன்றிரவு அவரைப் பணயக் கைதியாக இழுத்துக்கொண்டு ஒரு புகையிலைக் கடையைச் சோதனையிடப் போனார். போகும் வழியில் கோட் என்ற இளைஞன் சுடப்பட்டான். கடையில் டிக்சன், மெக்கின்டயர் என்று இன்னும் இரண்டு பத்திரிகையாளர்கள் பிடிபட்டார்கள். அவர்களும் கிளர்ச்சிக்காரர்கள் இல்லை. மறுநாள் காலை மூவரையும் பாசறை முற்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. உடல்கள் அங்கேயே புதைக்கப்பட்டன. மனைவி ஹன்னாவுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அதே கேப்டன் ஆட்களோடு அவர் வீட்டுக்கே வந்து, செத்தவர்மேல் குற்றம் காட்ட ஏதாவது காகிதம் கிடைக்குமா என்று சோதனையிட்டார்.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. சுவரில் குண்டு துளைத்த செங்கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கொத்தனார்களை வைத்துப் புதுச் செங்கல் பதித்தார்கள் என்று ஹன்னா பின்னாளில் விவரித்தார். ஊர் முழுக்கச் சுவர்கள் குண்டுபட்டு நொறுங்கிக் கிடந்த வாரம் அது. அத்தனை சுவரையும் விட்டுவிட்டு ஒரு முற்றத்துச் சுவரை மட்டும் அவசரமாகச் சரிசெய்கிறார்கள்! நம் அடகுக்கடைக் கதவிலிருந்த வெள்ளை எழுத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் சர் பிரான்சிஸ் வேன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. டப்ளினில் மேலதிகாரிகள் காது கொடுக்காததால் லண்டனுக்கே போய்ச் சொன்னார். ஜூன் மாதம் ராணுவ நீதிமன்றம் கேப்டனைக் குற்றவாளி, ஆனால் மனநிலை பிறழ்ந்தவர் என்று தீர்ப்பளித்து பிராட்மூர் மனநலச் சிறைக்கு அனுப்பியது. ஆகஸ்டில் சர் ஜான் சைமன் தலைமையில் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. அரசு தரவந்த நஷ்டஈட்டை ஹன்னா வாங்க மறுத்துவிட்டார்.

இங்கே ‘யார் சுட்டது?’ என்பது பாசறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மர்மம் முழுக்க அதைக் கலவரக் கணக்கில் எழுதி முடித்துவிடும் முயற்சியில்தான் இருந்தது. 1780 லண்டனில் விசாரிக்க ஆளில்லை. 1916 டப்ளினில் விசாரிக்க வேண்டியவர்களே செய்தவர்கள். எழுச்சியின் நடுவே கொலை மர்மம் எழுத நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டில் எது தன் கதை என்பதை. முதல் வகையில் துப்பறிபவருக்கு உதவி கிடைக்காது. இரண்டாவது வகையில் உண்மையைக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு ஆபத்தே ஆரம்பம்.

நீங்களே துப்புத் தேடிப் பார்க்க ஆசைப்பட்டால், லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1780 ஜூன் கடைசியில் தொடங்கிய அமர்வில் கலவர வழக்குகள் வரிசையாக வருகின்றன. சாட்சிகள் யாரை எங்கே பார்த்தார்கள், கையில் என்ன வைத்திருந்தார், தொப்பியில் ரிப்பன் இருந்ததா என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். அதில் எட்வர்ட் டென்னிஸ் என்ற பெயரைத் தேடுங்கள். கலவரத்தில் வீடு இடித்ததற்காக மரண தண்டனை பெற்றவர். பிறகு தண்டனை ரத்தானது. மற்ற கலவரக்காரர்களைத் தூக்கில் போட ஆள் வேண்டியிருந்தது. லண்டனின் தூக்குப்போடுபவரே அவர்தான்.